கடைசி பஸ் பாட்டும் அதன் வேகமும்

"நான் பாடலீங்கக்கா" என்றாள் சரசு.

நாமகிரிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். 'மணமகள் அறை' என்று பலகை தொங்கிய அறையில் நானும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் முகூர்த்தத்துக்கு யாரோ கரைத்த சந்தனம் கிண்ணத்தில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சாயங்கால வெயில் சன்னல் கம்பி வழியாக அவள் மடியில் விழுந்திருந்தது. வெளியே மேடையில் ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டைப் பாட மாட்டேன் என்று இவள் சொன்னாளோ, அதே பாட்டை.

"என்ன சொன்னே?" என்றேன். காதில் விழுந்ததையே திரும்பக் கேட்பது என் வழக்கம். எதிராளிக்கு மனசு மாற ஒரு சந்தர்ப்பம் கொடுப்பேன். அதற்கு மேல் கொடுக்க மாட்டேன்.

"பாடலீங்கக்கா. சனம் சிரிச்சுப்போட்டுதுன்னா அப்பறம் நான் எங்கயும் வாயத் தொறக்க முடியாதுங்க. இத்தோட முடிஞ்சுபோயிருமுங்க."

சுடுதண்ணீர் பிளாஸ்க்கைத் திருகித் திறந்தாள். குடிக்காமலேயே திருகி மூடினாள். எத்தனையோ மேடையில் என் பக்கத்தில் நின்று பாடியவள் அவள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பயந்தவர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாவம் பார்ப்பதெல்லாம் அப்புறம். அன்றும் கோபம் வந்தது. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவள் பயத்தில் நியாயம் இருந்தது.

இடையில் வந்தவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் லூர்து மேரி, சேலத்துக்காரி. பங்குக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவள், அப்புறம் கீபோர்டோடு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்தேன். "கோயில்ல வாசிக்கிற கையால சினிமாப் பாட்டு வாசிப்பியா?" என்று அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை. முதல் கச்சேரியில் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

சரசு எருமப்பட்டிப் பக்கம். ஆட்டோவில் மைக் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடியை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவள். நடுநடுவே அலுப்புத் தீர ரெண்டு வரி பாடுவாளாம். சனங்கள் தள்ளுபடியை விட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்திப் பாட்டைக் கேட்டார்கள். அப்படித்தான் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பல வருடச் சிநேகம். ஒரே பாயில் படுத்திருக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், மேடைக்குப் பின்னால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் சண்டையும் போட்டிருக்கிறோம்.

பாட்டுக்கார மாதேசு

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் 'பாட்டுக்காரர்' என்று சொன்னாலே அது மாதேசுதான். மாதேஸ்வரன் என்பது முழுப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. அவரே எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரே பாடுவார். சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், போனார், சாப்பாடு சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அவர் பாட்டெல்லாம் கேசட்டில்தான் பரவியது. திருச்செங்கோட்டில் பழனியண்ணன் வைத்திருந்த ரெக்கார்டிங் கடையிலிருந்து லாரிகளில் ஏறி, வங்காளம் வரைக்கும் போய்விட்டு வரும். லாரிக்காரர்கள் இல்லையென்றால் மாதேசு இல்லை.

இன்றைக்கு அவர் இல்லை. ஆனால் அவர் பாட்டில்லாமல் எங்கள் பக்கம் ஒரு கல்யாணம், ஒரு சீர், ஒரு நோம்பி பண்டிகை நடக்காது. அத்தனையிலும் தலைமேல் தூக்கி வைத்து ஆடுவது ஒரே ஒரு பாட்டை. ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் நின்று, தெரியாத ஒருவரைக் கேட்கிறாள்:

*கடைசி பஸ்ஸு போயிருச்சுங்களா – அண்ணா*
*கடைசி பஸ்ஸு போயிருச்சுங்களா*
*போட்டது போட்டபடி வந்துட்டேனுங்க – எங்க*
*அம்மா ஊட்டு வெளக்கு எரியுமுங்களா*

கேசட்டில் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். நோம்பிக்கு அம்மா வீட்டுக்குப் போகிற அவசரத்தில், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்த பெண் என்றுதான் ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது பேண்டுக்காரர்கள் இதைத்தான் வாசிப்பார்கள். "போயிருச்சுங்களா" என்று பாடினதும் கூட்டம் மொத்தமும் "போயிருச்சு" என்று பதில் சொல்லும். சொல்லிவிட்டு விசில் அடிக்கும்.

ஒரே பாட்டு, பல வாய்

மாதேசு போன பிறகு, நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் செல்லப்பண்ணன் வருடம் ஒருமுறை அவர் நினைவாக ஒரு பாட்டுக் கூட்டம் வைக்க ஆரம்பித்தார். முதல் வருடம் யார் எதைப் பாடுவது என்று பேசிக்கொள்ளவில்லை. மூன்று குழு அடுத்தடுத்து ஒரே பாட்டைப் பாடிவிட்டது. செல்லப்பண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டமோ கலையவே இல்லை. "முத ஆளு நல்லா இழுத்தானுங்க", "ரெண்டாவது ஆளுதானுங்க பாட்டுக்காரரு மாதிரியே" என்று டீக்கடையில் சண்டை களைகட்டியது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு பாட்டு. வருகிற குழு எல்லாம் அந்த ஒன்றையே பாட வேண்டும். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. கேட்டுவிட்டு சனம் பேசுகிற பேச்சுத்தான் எல்லாம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் "ஒரே பாட்டையா சாயங்காலம் பூரா கேப்பீங்க?" என்பார்கள். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் அந்த ருசி.

நான் நகல் பாட்டை மட்டமாகப் பேசுகிறவள் இல்லை. எங்கள் பிழைப்பே நகல்தான். ஆனால் நகலிலும் ஆள் தெரிய வேண்டும். கடைசி பஸ் பாட்டையே, கல்யாணத்திலும் கச்சேரியிலும், எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறேன்.

ஜலகண்டாபுரத்திலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவர் விசைத்தறிக்காரர்கள். தறி ஓடும்போதே பாடிப் பழகினவர்கள். ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். கமகம், நெளிவு, குழைவு ஒன்றும் வராது. ஆனால் ஒரு எழுத்து விழுங்க மாட்டார்கள். 'வெளக்கு' என்று அவர்கள் சொன்னால் அதில் ஒவ்வொரு எழுத்தும் நம் கையில் வந்து விழும். மைக்கைத் தள்ளி வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் நான்தான் ஓடுவேன். அவர்கள் பாடி முடித்தால் காது ரொய்ங் என்று இருக்கும், மனசு நிறைந்திருக்கும்.

ஆத்தூர் பேண்டு செட்டில் ஒரு கிளாரினெட்காரர் இருக்கிறார். அவருக்கு வார்த்தையே வேண்டாம். "போயிருச்சுங்களா" என்கிற இடத்தில் கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டுவிட்டு நிறுத்துவார். கேள்வி கேட்ட மாதிரியே இருக்கும். நான் அவர் வாசிப்பதை மூன்று கல்யாணத்துக்குப் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறேன், சாப்பாட்டை விட்டுவிட்டு. போன வாரம் பேண்டுக்காரர்களை நான் கிண்டல் செய்ததாகக் கோபித்துக்கொண்டவர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழு செய்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே மெட்டுக்கு, சூசையப்பர் மாதாவோடு சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கி "ராத்தங்க இடமிருக்குங்களா – அண்ணா" என்று கேட்பதாக வார்த்தை போட்டுவிட்டார்கள். பெண்கள் எல்லாம் சேர்ந்து அந்த 'அண்ணா'வை இழுத்துப் பிடித்தபோது எனக்குப் புல்லரித்தது. சரசுவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கடைசி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அருமையா இருக்குதுங்கக்கா. ஆனா பஸ்ஸத்தான் காணமுங்க" என்றாள்.

இத்தனை நகலுக்கும் நடுவில் சரசு பாடியதற்குத் தனி மதிப்பு. ஐந்து கட்டையில் எடுப்பாள். எங்கள் பக்கம் பாடுகிற பெண்களில் அந்தச் சுருதியில் இந்தப் பாட்டின் உச்சியைத் தொட்டவர்கள் குறைவு. தொட்டவர்களும் கத்துவார்கள். இவள் சிரித்துக்கொண்டே தொட்டுவிட்டு இறங்கி வருவாள். 'வெளக்கு எரியுமுங்களா' என்று அவள் மேலே போய் நிற்கும்போது ஆம்பிளைகள் துண்டைச் சுழற்றுவார்கள். எருமப்பட்டி சரசு என்றால் அந்த உச்சிதான்.

டாக்டர் சொன்னது

அவள் கழுத்தில் தைராய்டுக் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. "உயிருக்கு ஒண்ணும் இல்லை, ஆனா மேல் சுருதி முன்ன மாதிரி வராமப் போகலாம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. பேச்சு திரும்ப வந்தது. உச்சி வரவில்லை.

ஒருநாள் என் வீட்டில் கீபோர்டு பக்கத்தில் நின்று முயற்சி செய்தாள். நாலு கட்டைக்கு மேலே போனால் குரல் நடுவில் அறுந்து காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "ஊட்டுல வேல கெடக்குதுங்கக்கா, வாரேங்க" என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கச்சேரிக்குக் கூப்பிட்டால் ஏதாவது காரணம் சொல்வாள். கேட்கிறவர்களும் "அந்த உச்சி வருமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி பேசினார்கள். வராது என்று சொன்னால் "பாத்துச் சொல்றோமுங்க" என்பார்கள். பார்த்துச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

அவள் புருஷன் நல்ல மனுஷன். ஒருநாள் எனக்குப் போன் செய்து, "ஊட்டுல ரேடியோ வெச்சாக்கூட நிறுத்திப்போடறா, நீங்க வந்து ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் என்ன சொல்வது? ஆறுதல் சொல்லத் தெரியாதவள் நான். சொன்னாலும் திட்டுவது போலத்தான் இருக்கும்.

இந்த வருடக் கூட்டத்துக்குக் கடைசி பஸ் பாட்டு என்று செல்லப்பண்ணன் அறிவித்தபோது, சரசுவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன்.

பேட்டரி

இங்கே ஒரு பழைய சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். கடைசி பஸ் பாட்டு வந்த கேசட்டில் மற்றப் பாட்டெல்லாம் கீபோர்டில் சரியாக உட்காரும். இந்த ஒன்று மட்டும் எந்தக் கட்டையிலும் உட்காராது. நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் தொங்கும். ஆர்மோனியம் அப்படித் தொங்க முடியாது. அதன் கட்டை அதன் கட்டைதான். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் இதைப் பற்றிக் கவலையே படவில்லை. தொங்குவதை மேலே ஏற்றி நாலரையில் வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள் கெத்துக்காக ஐந்து என்றார்கள். பேண்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கு வேகத்தையும் கூட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாதேசுவை நேரில் பார்த்த லாரிக்காரர் ஒருவர் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "கடைசி பஸ் பாடுனது நீங்க இல்லீங்க, அது சின்னப் பையன் கொரலுங்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம். மாதேசு தொண்டை கனத்த மனுஷர். அந்தப் பாட்டில் மட்டும் குரல் மெலிந்திருக்கும்.

கூட்டத்துக்குச் சில வாரம் முன்பு திருச்செங்கோட்டுக்குப் போய்ப் பழனியண்ணனைப் பார்த்தேன். கடை இப்போது செல்போன் கவர் விற்கிறது. அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். கேட்டேன்.

"அந்தப் பாட்டுங்களா? அன்னிக்கு கரண்ட் இல்லீங்கம்மிணி. பேட்டரியிலதான் எடுத்தோம். அதான் கடைசிப் பாட்டு. பேட்டரி இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருந்துது. பாடி முடிச்சாரு, டேப் நின்னுபோச்சு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேட்டரி செத்துக்கொண்டிருந்தால் டேப் மெதுவாக ஓடியிருக்கும். மெதுவாக ஓடிப் பதிந்ததை நல்ல மெஷினில் போட்டால் வேகமாகக் கேட்கும், சுருதியும் ஏறும். ஊரெல்லாம் ஆடிய வேகம் மாதேசு போட்ட வேகமே இல்லை.

"அவருகிட்ட யாரும் சொல்லலீங்களா அண்ணா?"

"சொன்னேனுங்க. சனம் ஆடுதேன்னாரு. ஆடுனா ஆடட்டும், எவளாவது ஒருத்தி ஒருநாளைக்கு மெதுவாப் பாடுவா, அப்பக் கேட்டுக்குவாங்கன்னாரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் சுண்டலை எடுத்துக்கொண்டார்.

இதைச் சொல்ல இத்தனை வருடமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வயசானவரைத் திட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, சுருதியும் கூடவே இறங்குகிற மாதிரி வைத்து, போனில் பாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். நாலு கட்டையில் குரல் இன்னும் மெலிந்திருந்தது, மூணு கட்டையில் ஆர்மோனியம் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. தொண்டை கனத்த மாதேசு என் சமையல்கட்டில் பாடினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

எருமப்பட்டியில் ஒரு மதியம்

அடுத்த நாளே பஸ் ஏறினேன். சரசு வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்றாள், எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தரையில் வைத்துப் பாட்டைப் போட்டேன்.

முதல் வரியில் முகம் சுளித்தாள். இரண்டாவது வரியில் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"திரும்பப் போடுங்கக்கா."

போட்டேன். அந்த வேகத்தில் கேட்டால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அது நோம்பிக்குப் போகிற பெண் இல்லை. 'போட்டது போட்டபடி வந்துட்டேனுங்க' என்று சொல்லும் முன்னால் மாதேசு ஒரு மூச்சு வாங்குகிறார். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று இருட்டில் கிளம்பி வந்த ஒருத்தி. அம்மா வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாமல் நிற்கிற ஒருத்தி. அதைக் கேட்க வாய் வராமல் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாள்.

இந்தப் பாட்டைத்தான் நாங்கள் பெண்ணை அனுப்பும்போது வாசித்துக்கொண்டிருந்தோம்.

"இத்தன வருசமா இவள நான் ஓட ஓட வெரட்டியிருக்கேனுங்களே அக்கா" என்றாள் சரசு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெங்காயமுங்க" என்றாள்.

"வெங்காயம்தான். மூணு கட்டை. இப்ப உன் தொண்டை நிக்கிற இடம். பாடுறியா மாட்டியா?"

அன்றைக்குப் பாடினாள். மதியம் முழுக்க, மெதுவாக, வெங்காயத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து பாடினாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே போகவே இல்லை. கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொன்னவள் அவளேதான். நான் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

மறுபடியும் மணமகள் அறை

வீட்டு வாசல் வேறு, மேடை வேறு. எங்களுக்கு முன்னால் பாடிய குழுக்கள் எல்லாம் ஐந்து கட்டையில் பறந்தன. கூட்டம் "போயிருச்சு, போயிருச்சு" என்று கத்தி உற்சாகத்தில் இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவள் சுருங்கிப்போனாள்.

"வேகமாக் கேட்டுப் பழகுன காதுங்கக்கா. நான் போயி மெதுவா நின்னா, சரசுக்குத் தொண்ட போச்சு, அதான் எறக்கிட்டாம்பாங்க."

"சொல்லட்டுமே."

"உங்களுக்கென்னங்கக்கா, உங்களுது கீபோர்டு."

சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்லப்பண்ணன் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவள் நிலைமை தெரிந்து, தனக்குத் தெரிந்த உதவியை யோசித்து வைத்திருந்தார்.

"ஏஞ்சாமி, வெசனப்படாத. உன்ர பழைய பாட்டு வீடியோல இருக்குது. மைக்செட்டுக்காரங்கிட்டச் சொல்லிப்போட்டேன். அவன் அதப் போடட்டும். நீ மைக்கப் புடிச்சுட்டு வாய மட்டும் அசச்சாப் போதும். ஒருத்தருக்கும் தெரியாது."

ஆர்க்கெஸ்ட்ராவில் இது புதுசு இல்லை. சளி பிடித்தால் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். நானே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

சரசு எழுந்து நின்றாள்.

"அந்தப் பாட்டப் பாடுனவ வேற ஒருத்திங்கண்ணா" என்றாள். "அவளப் பாட உட்டுப்போட்டு நான் பொம்மையாட்டம் நிக்கறதுங்களா? கொரலு போனாப் போச்சுங்க, ஆளு இருக்கறனுங்களே."

பிளாஸ்க்கை என் மடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். செல்லப்பண்ணன் திகைத்துப்போய் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மூணு கட்டை

மேடையில் ரிதம் பேடு வாசிக்கும் குணாவிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தான். நான் மூணு கட்டையில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

எருமப்பட்டி சரசு என்று பெயர் சொன்னதுமே விசில் பறந்தது. உச்சிக்காகக் காத்திருந்த விசில் அது.

"கடைசி பஸ்ஸு போயிருச்சுங்களா – அண்ணா" என்றாள்.

கூட்டம் பழக்கத்தில் "போயிருச்சு" என்று பாதி கத்தியது. அதற்குள் அவள் இன்னும் 'அண்ணா'விலேயே இருந்தாள். கத்தல் அந்தரத்தில் நின்றது. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒருவர், "அக்கா, ஸ்பீடு பத்தலீங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பயந்தது இதற்குத்தான்.

சரசு பாட்டை நிறுத்தினாள். நான் சுருதியை விடாமல் பிடித்திருந்தேன். இறங்கிவிடுவாள் என்றே நினைத்தேன். இறங்கினால் நானும் கூடவே இறங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவள் அந்த ஆள் இருந்த பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று யாரோ ஒருவரிடம் வழி கேட்கிற மாதிரி, அவரையே பார்த்து, முதல் வரியை மறுபடி எடுத்தாள். அதே கட்டை, அதே நிதானம்.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார்.

'போட்டது போட்டபடி' என்கிற இடத்தில் அவள் மூச்சு வாங்கியது மைக்கில் கேட்டது. குரலில் ஒரு பிசிறு இருந்தது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. கடைசி வரிக்கு, துண்டைச் சுழற்ற வைக்கும் அந்த உச்சிக்கு, அவள் போகவே இல்லை. கீழே, பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் வைத்து, "அம்மா ஊட்டு வெளக்கு எரியுமுங்களா" என்று கேட்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று தெரியவில்லை. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னது.

"எரியுது சாமி, நீ வா."

எனக்குக் கண் மறைத்துவிட்டது. கட்டை எங்கே இருக்கிறது என்று தடவித்தான் வாசித்தேன். சரசு கடைசி வரியை இன்னொரு தடவை பாடினாள். அதோடு முடித்துக்கொண்டாள். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது, விசில் இல்லாமல் வந்தது. ஜலகண்டாபுரத்து அண்ணன் தம்பி இருவரும் பின்னால் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சத்தமில்லாமல் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

எங்களுக்கு அடுத்து சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண். கிடாரை அணைத்துக்கொண்டு மேடைப் படியில் நின்றிருந்தாள். ஐந்து கட்டைக்குத் தந்தி கட்டித் தயாராக வைத்திருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டும் அவள் மேலே ஏறவில்லை. தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

சரசு படியில் இறங்கும்போது அந்தப் பெண் வழிமறித்தாள்.

"அக்கா, நானும் நீங்க பாடின மாதிரியே மெதுவாப் பாடட்டுங்களா? அது என்ன கட்டைங்கக்கா?"

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அது டாக்டரு குடுத்த கட்டை சாமி" என்றாள். "புடிச்சிருந்தா நீயும் எடுத்துக்க."